1957 மசெராட்டி 250எஃப், இன்றைய குடும்ப மினிவேன்: ஒரே பாதையில் விட்டால் எது முந்தும்?

வளைவு_விரும்பி (இழையைத் தொடங்கியவர்):

பழைய பந்தயக் காரையும் புதிய குடும்ப வண்டியையும் ஒப்பிடும் பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் முடிகிறது. ஒரு தரப்பு "இன்றைய வேன் அந்தக் காலத்துப் பந்தயக் காரையே தோற்கடித்துவிடும்" என்கிறது, இன்னொரு தரப்பு "பந்தயக் கார் பந்தயக் கார்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறது. எந்தக் கார், எந்த வேன், எந்தப் பாதை, யார் ஓட்டுகிறார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதனால் ஒரு ஜோடியை நானே எடுத்து வைக்கிறேன்.

ஒரு பக்கம் 1957-இன் மசெராட்டி 250எஃப். 2.5 லிட்டர் எஞ்சின், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், மூன்று வெபர் கார்புரேட்டர், அந்த ஆண்டில் சுமார் 270 குதிரைத்திறன், எடை 650 கிலோ அளவில். அர்ஜென்டினா ஓட்டுநர் ஃபாஞ்சியோ தன் ஐந்தாவது ஃபார்முலா 1 உலகப் பட்டத்தை வென்ற கார். மறுபக்கம் ஹோண்டா ஒடிசி: 3.5 லிட்டர் வி6, 280 குதிரைத்திறன், பத்து கியர் ஆட்டோமேட்டிக், எட்டுப் பேர் உட்கார இடம், எடை சுமார் 2,000 கிலோ.

எஞ்சின் பலத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமம், வேனுக்குப் பத்து அதிகம் என்றே சொல்லலாம். ஆனால் ஒரு டன்னுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். மசெராட்டிக்கு 400-க்கும் மேல், வேனுக்கு 140. நேர்ச்சாலையில் பேச்சே இல்லை.

என் கருத்து இதுதான், ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்: ஓட்டுபவர் யார் என்று சொல்லாமல் இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை. கை தேர்ந்த ஒருவர் ஓட்டினால் மசெராட்டி வேனைக் கண்ணுக்கெட்டாத தூரத்தில் விட்டுவிடும். நம்மைப் போன்ற ஒருவர் ஓட்டினால், அதுவும் மழை பெய்தால், வேன் முன்னால் வந்து நிற்கும். இதற்குக் காரணம் எஞ்சின் இல்லை. டயர், பிரேக், அப்புறம் ஓட்டுபவர் செய்ய வேண்டிய வேலையில் எவ்வளவை வண்டி தானே எடுத்துக்கொள்கிறது என்பது.

மறுப்பு இருந்தால் எண்களோடு வாருங்கள்.

ஏழு_இருக்கை:

நேர்ச்சாலையில் பேச்சே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒடிசி 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 7 விநாடி அளவில் ஆகும், ஒரு குடும்ப வண்டிக்கு அது நல்ல பிக்கப், ஆனால் மசெராட்டியின் பக்கத்தில் நிற்காது. நான் கேட்பது வேறு. வேகம் எடுத்தவர் வேகத்தைக் குறைக்கவும் வேண்டுமே?

வேனில் நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், அகலமான ரேடியல் டயர். காய்ந்த தார்ச்சாலையில் 100-லிருந்து நிற்க 40 மீட்டரைச் சுற்றித்தான் வரும். டயரின் பிடிமானத்தை வைத்துக் கணக்குப் போட்டாலும் அதே எண்தான் கிடைக்கும். இதைச் செய்ய ஓட்டுபவருக்கு எந்தத் திறமையும் வேண்டாம், பெடலை முழுப் பலத்தோடு அமுக்கிப் பிடித்தால் போதும். மசெராட்டியில் நாலு டிரம் பிரேக், ஒல்லியான கிராஸ்ப்ளை (ரேடியலுக்கு முந்தைய பழைய வகை) டயர். வேகமாக ஓடி வந்து எட்டாவது வளைவில் பிரேக் அமுக்கும்போது முதல் வளைவில் கிடைத்த பிடி அதில் கிடைக்குமா?

பட்டறை_வாசம்:

நான் பழைய கார்களின் பிரேக் வேலை செய்பவன், அதனால் இந்தக் கேள்விக்கு நானே பதில் எழுதுகிறேன். மசெராட்டியில் கை வைத்ததில்லை, ஆனால் டிரம் எல்லா இடத்திலும் டிரம்தான்.

டிரம்முக்குள் இரண்டு ஷூ வெளிப்பக்கமாக விரிந்து டிரம்மின் உள்சுவரை அழுத்தும். உரசலில் சூடு. சூட்டில் டிரம் விரியும், அதாவது ஷூவை விட்டு விலகிப் போகும். அதே நேரம் ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங்கின் உராய்வும் சூட்டில் இறங்கும். இரண்டும் சேர்ந்து பெடலை ஆழமாக இறக்கும், அமுக்க அமுக்க வண்டி நிற்காத அந்த உணர்வு வயிற்றைக் கலக்கும். டிஸ்க்கில் கதை தலைகீழ். தட்டு சூட்டில் தடிக்கிறது என்றால் அது பேடை (தட்டை இரு பக்கமும் கவ்வும் உராய்வுத் துண்டை) நோக்கித்தான் வருகிறது, தட்டு முழுக்கக் காற்றில் திறந்து நிற்கிறது, சூடு சீக்கிரம் போய்விடும்.

டிரம்மில் இன்னொரு தொல்லை உண்டு. ஷூ ஒவ்வொன்றையும் தனித்தனியாக அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே திருகை ஒவ்வொரு கிளிக்காகத் திருப்பி, லேசான உரசல் சத்தம் கேட்டதும் ஒரு கிளிக் பின்னால் வர வேண்டும். இடது முன்சக்கரமும் வலது முன்சக்கரமும் ஒரே மாதிரி அமையாவிட்டால் பிரேக் பிடித்தவுடன் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். வேகமாகப் போகும்போது அப்படி இழுத்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

இது அந்தக் காலத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 1955-இல் பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் மெர்சிடஸ் 300 எஸ்எல்ஆர் கார்களுக்கு ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் காற்றை எதிர்த்து எழும்பி நிற்கும் ஒரு பெரிய மடிப்புப் பலகையே வைத்தார்கள், டிரம்மின் பாரத்தைக் குறைக்க. அதே நேரத்தில் ஜாகுவார் டிஸ்க் பிரேக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. 1953 லெ மான்ஸை ரோல்ட்டும் ஹாமில்டனும் ஜெயித்த சி-டைப்பிலேயே டன்லப் டிஸ்க் இருந்தது, அந்த ஓட்டத்தில்தான் அங்கே சராசரி வேகம் முதன்முறையாக மணிக்கு 100 மைலைத் தாண்டியது.

ஆக, நண்பர் ஏழு_இருக்கை கேட்டதற்கு நேரான பதில்: கிடைக்காது. ஆனால் நல்ல பந்தய ஓட்டுநர் எட்டாவது வளைவில் முதல் வளைவைப் போல பிரேக் அமுக்கவும் மாட்டார். பிரேக்கை மிச்சம் பிடிப்பதும் அவருடைய வேலை.

மலைப்பாதை:

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதை பற்றி யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும், நானே சொல்கிறேன். மறைந்த சபீனே ஷ்மிட்ஸ், அங்கே 24 மணி நேரப் பந்தயத்தை 1996-லும் 1997-லும் ஜெயித்தவர், ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக டீசல் ஃபோர்டு டிரான்சிட் சரக்கு வேனில் 10 நிமிடம் 8 விநாடியில் ஒரு சுற்றை முடித்தார். குடும்ப மினிவேன்கூட இல்லை, பெட்டி ஏற்றும் வேன். ஃபாஞ்சியோ 1957-இல் அதே இடத்தில் ஓட்டிய மிக வேகமான சுற்று 9 நிமிடம் 17.4 விநாடி. 50 விநாடி வித்தியாசம்தான்! டிரான்சிட்டை விட இரண்டு மடங்குக்கும் அதிகப் பலமுள்ள ஒடிசியை சபீனேயிடம் கொடுத்திருந்தால் ஃபாஞ்சியோவின் நேரத்தைத் தொட்டிருக்க மாட்டாரா?

வளைவு_விரும்பி:

மலைப்பாதை, நல்ல உதாரணம், ஆனால் இரண்டும் ஒரே பாதை இல்லை. ஃபாஞ்சியோ ஓட்டிய 1957 சுற்று 22.8 கிலோமீட்டர். நார்ட்ஷ்லைஃபே என்று அழைக்கப்படும் அதன் இன்றைய சுற்று 20.8. நேரத்தை நேரத்தோடு வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம், சராசரி வேகத்தை எடுங்கள். ஃபாஞ்சியோவுக்கு மணிக்கு 147 கிலோமீட்டர். டிரான்சிட் முழு 20.8 கிலோமீட்டரையும் அந்த நேரத்தில் ஓடியது என்றே வைத்துக்கொண்டாலும் 123-தான் வருகிறது. மணிக்கு 24 கிலோமீட்டர் வித்தியாசத்தைப் பந்தயத்தில் வித்தியாசம் என்று சொல்வதில்லை, வேறு உலகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதோடு பாதையும் அன்றைய பாதை இல்லை. 1970-71-இல் அதைத் தோண்டி மேடு பள்ளங்களைச் சமன் செய்தார்கள், ஓரத்து மரங்களையும் புதர்களையும் அகற்றி இரும்புத் தடுப்பு போட்டார்கள். ஃபாஞ்சியோ ஓட்டியபோது கார் பல இடங்களில் நாலு சக்கரமும் தரையை விட்டு எழும்பிக் குதிக்கும், ஓரத்தில் வேலியும் மரமும்தான்.

அந்த ஓட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லாமல் என்னால் கடந்து போக முடியவில்லை. 1957 ஆகஸ்ட் 4. ஃபெராரிகள் நிற்காமல் 22 சுற்றும் ஓடுவதாகத் திட்டம். ஃபாஞ்சியோ பாதி டாங்க் எரிபொருளோடு கிளம்பி, எடை குறைவான காரில் முன்னால் போய், நடுவில் நின்று எரிபொருளும் பின்சக்கரங்களும் மாற்றிக்கொள்வதாகத் திட்டம். நின்ற இடத்தில் தாமதமாகிவிட்டது. வெளியே வரும்போது ஃபெராரியில் ஓடிய ஹாதார்னும் காலின்ஸும் முக்கால் நிமிடத்துக்கும் மேல் முன்னால். அதன் பிறகு சுற்றுக்குச் சுற்று சாதனையை உடைத்துக்கொண்டே வந்தார். தகுதிச் சுற்றில் அவரே எடுத்திருந்த 9:25.6-ஐ விட, பந்தயத்தின் நடுவே, 8 விநாடி வேகமாக ஓட்டினார். 3.6 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். அப்போது அவருக்கு வயது 46. டிரம் பிரேக்கிலும் கிராஸ்ப்ளை டயரிலும் செய்த வேலை அது. இந்த எண்களை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

இரும்பு_நாக்கு:

ஜோடியை நீங்களே தேர்ந்தெடுத்து உங்களுக்குச் சாதகமாக அமைத்துக்கொண்டீர்கள். வேறு ஆண்டை எடுத்தால் விடை மாறும்.

1924-இன் புகாட்டி டைப் 35-ஐ எடுங்கள். பார்க்க அதைவிட அழகான பந்தயக் கார் இல்லை என்பது என் எண்ணம், வார்ப்பு அலுமினியச் சக்கரமும் குதிரைலாட வடிவ ரேடியேட்டரும் யாரும் மறக்க முடியாதவை. எட்டு சிலிண்டர், 2 லிட்டர், குதிரைத்திறன் 90 அளவில், பிரேக்கைக் கேபிள்தான் இழுக்கும். லியோனில் அதன் முதல் பந்தயத்திலேயே டயரின் மேல்தோல் பிய்ந்து பிய்ந்து போனது. இதை ஒடிசி எல்லாவற்றிலும் முந்தும், இழுவையில், பிரேக்கில், வளைவில், எதை எடுத்தாலும்.

1937-இன் மெர்சிடஸ் டபிள்யூ125-ஐ எடுத்தால் கதை வேறு. எண்ணெயும் எரிபொருளும் டயரும் இல்லாமல் 750 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்ற விதிக்குள் 5.6 லிட்டர் சூப்பர்சார்ஜ் எஞ்சினை வைத்து 550-க்கும் மேற்பட்ட குதிரைத்திறன் எடுத்தார்கள். புகாட்டிக்கும் இதற்கும் 13 ஆண்டுதான் இடைவெளி. 1966-இன் ஃபோர்டு ஜிடி40 மார்க் 2-வை எடுத்தால் 7 லிட்டர், டிஸ்க் பிரேக், அகல டயர் எல்லாம் வந்துவிட்டது, வேனுக்கு எந்த வாய்ப்பும் இல்லை. ஆனால் அந்த டிஸ்க்குகளும் சிவக்கச் சூடாகி வெடிப்பு விட்டதால், லெ மான்ஸில் நடுவிலேயே தட்டையும் பேடையும் சேர்த்து விரைவாகக் கழற்றி மாட்ட ஒரு வழியையே ஃபோர்டு ஆட்கள் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

எனவே "பழைய பந்தயக் கார்" என்று மொத்தமாகப் பேசுவதில் பயன் இல்லை.

வளைவு_விரும்பி:

அதனால்தான் 1957-ஐ எடுத்தேன். புகாட்டியை எடுத்தால் வேனுக்குச் சுலபம், ஜிடி40-ஐ எடுத்தால் வேனுக்கு வழியே இல்லை. குதிரைத்திறன் சமமாக இருக்கும் இடத்தில்தான் மற்றவற்றை எடை போட முடியும்.

நாலு_வால்வு:

யாரும் தொடாத ஒரு விஷயம். வேனுக்குள் இருப்பதில் பாதி பந்தயப் பாதையிலிருந்து வந்தது. கண்ணாடியில் பின்னால் பார்க்கிறீர்களே, 1911-இல் முதல் இண்டியானாபொலிஸ் 500-ஐ ஜெயித்த ரே ஹரூன் தன் மார்மன் காரில் பின்பக்கம் பார்க்கக் கண்ணாடி வைத்திருந்தார், மற்றவர்கள் அதற்காகப் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கை உட்கார வைத்திருந்த காலம். சிலிண்டருக்கு நாலு வால்வு, மேலே இரண்டு கேம்ஷாஃப்ட் என்ற அமைப்பு 1912-இல் பிரெஞ்சு கிராண்ட் ப்ரியை ஜெயித்த பியூஜோவில் வந்தது, இன்று சாதாரணக் குடும்ப வண்டிகளிலும் அதுதான். டிஸ்க் பிரேக் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறையை மெர்சிடஸ் 1954-இல் டபிள்யூ196 பந்தயக் காரில் வைத்து ஜெயித்தது, ஒடிசியின் வி6-இலும் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள்தான் போகிறது.

இரண்டும் எதிரிகள் இல்லை, ஒரே குடும்பத்தில் தாத்தாவும் பேரனும்.

ஏழு_இருக்கை:

பாதி உண்மை. மறுபாதி எதிர்த்திசையில் போனது, அதையும் சொல்லுங்கள்.

ரேடியல் டயரை மிஷெலின் 1940-களின் கடைசியில் சாதாரணக் கார்களுக்கு விற்க ஆரம்பித்தது. ஃபார்முலா 1-இல் அது நுழைந்தது 1977-இல், ரெனோவோடு. கிராஸ்ப்ளையில் நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கிடப்பதால் பக்கச்சுவர் மடங்கும்போது தரையைத் தொடும் பட்டையும் சேர்ந்து நெளியும். ரேடியலில் நூல் நேராக ஓடுகிறது, மேலே எஃகுப் பட்டை தனியாக இருக்கிறது, வளைவில் பட்டை தரையில் படிந்தே இருக்கும். இது குடும்பக் காரிலிருந்து பந்தயத்துக்குப் போன விஷயம்.

மூன்று முனை சீட் பெல்ட் 1959-இல் வோல்வோவில், நில்ஸ் போலின் வடிவமைத்தது. ஏபிஎஸ்ஸின் தொடக்கம் விமானச் சக்கரங்களில், மின்னணு வடிவில் 1978-இல் மெர்சிடஸ் எஸ் கிளாஸில் வந்தது. வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் இஎஸ்சி 1995-இல். இன்னொன்று கவனித்தீர்களா, ஏபிஎஸ் 1994 முதல் ஃபார்முலா 1-இல் தடை. குழந்தைகளைப் பள்ளியில் இறக்கிவிடும் வேனில் இருப்பதைப் பந்தயக் காரில் வைக்க அனுமதி இல்லை, ஏனென்றால் அது ஓட்டுநரின் வேலையைச் செய்துவிடுகிறது. இழையைத் தொடங்கியவர் சொன்ன கருத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

மூன்று_பெடல்:

சரி, ஓட்டுநரின் வேலை என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். 250எஃப்-இல் பெடல் வரிசை: இடது ஓரம் கிளட்ச், நடுவில் ஆக்ஸிலேட்டர், வலது ஓரம் பிரேக். ஆமாம், நடுவில் ஆக்ஸிலேட்டர். நம் கால் பல வருடமாகப் பழகியது நடுவில் பிரேக். பதறிப்போய் நடுப் பெடலை மிதித்தால் 270 குதிரையும் பின்சக்கரத்துக்குப் போகும்.

இப்போது அதில் ஒரு வளைவுக்கு முன்னால் நாலாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு இறங்குவதை எண்ணிப் பாருங்கள். வலது காலின் ஒரு பகுதி வலது பெடலில் பிரேக்கை அமுக்கியபடியே இருக்க வேண்டும். கிளட்சை மிதித்து, கியரை நியூட்ரலுக்கு இழுத்து, கிளட்சை விட்டு, அதே வலது காலின் மறு பகுதியால் நடுப் பெடலை ஒரு தட்டு தட்டி எஞ்சின் வேகத்தை ஏற்றி, மறுபடி கிளட்சை மிதித்து, மூன்றாவதில் போட்டு, கிளட்சை விட வேண்டும். எஞ்சின் வேகம் சரியாக ஒத்துப்போகாவிட்டால் பல் கடிக்கும், பின்சக்கரம் ஒரு கணம் பூட்டிக்கொண்டால் கார் சுழன்றுவிடும். இதையெல்லாம் பிரேக் பலத்தைக் கூட்டாமல் குறைக்காமல், சக்கரம் பூட்டுகிறதா என்று இடுப்பாலும் கைகளாலும் உணர்ந்துகொண்டே செய்ய வேண்டும். பெரிய மர ஸ்டீயரிங், பவர் ஸ்டீயரிங் கிடையாது. நூர்பர்க்ரிங்கின் ஒரு சுற்றில் 170-க்கும் மேற்பட்ட வளைவு, அன்றைக்கு 22 சுற்று.

வேனில் அதே வளைவுக்கு பிரேக்கை அமுக்குகிறீர்கள், ஸ்டீயரிங்கைத் திருப்புகிறீர்கள். கியரை அது பார்த்துக்கொள்ளும். சக்கரம் பூட்டப் போனால் ஏபிஎஸ் ஒரு விநாடிக்குள் பல முறை அழுத்தத்தை விட்டு விட்டுப் பிடிக்கும். ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று இரண்டையும் சென்சார்கள் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். முன்பக்கம் வளைவுக்கு வெளியே வழுக்கினால் உள்பக்கப் பின்சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடிக்கும், பின்பக்கம் வெளியே வீசினால் வெளிப்பக்க முன்சக்கரத்தில் பிடிக்கும். உங்களுக்குத் தெரிவதெல்லாம் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு மினுக்குவது.

ஆகவே இழையின் கேள்விக்கு என் பதில், மழையில், நம்மைப் போன்ற ஒருவர் ஓட்டினால், வேன்தான். மசெராட்டியை அதன் எல்லையின் அருகே கொண்டுபோகவே நமக்கு முடியாது.

மலைப்பாதை:

மழை வேண்டாம், காய்ந்த பாதை, கை தேர்ந்த ஓட்டுநர், ஒரு சுற்று இல்லை, ஃபாஞ்சியோ போல 22 சுற்று. அப்போது?

பட்டறை_வாசம்:

அப்போது வேன் பாதியில்கூட நிற்காது, மூன்றாவது நாலாவது சுற்றிலேயே முடிந்துவிடும்.

மணிக்கு 160 கிலோமீட்டரில் ஓட்டுநரோடு 2,100 கிலோ வேனை நிறுத்தினால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 20 லட்சம் ஜூல். மசெராட்டி, ஓட்டுநரும் எரிபொருளும் சேர்த்து 800 கிலோ என்று வைத்தால் சுமார் 8 லட்சம். அதாவது ஒவ்வொரு முறை நிற்கும்போதும் வேனின் பிரேக்குக்கு இரண்டரை மடங்கு சூடு. டிரம்மை விட டிஸ்க் எவ்வளவோ மேல் என்று நானே மேலே எழுதினேன், ஆனால் வேனின் பேட் குளிர்ந்த நிலையிலும் சத்தமில்லாமல் பிடிக்க வேண்டும், தூசி குறைவாக வர வேண்டும், நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்று செய்யப்பட்டது. வளைவுக்கு வளைவு அந்தச் சூட்டைத் தாங்க அது செய்யப்படவில்லை. முதலில் புகை வரும், அப்புறம் பிரேக் ஆயில் கொதித்து அதில் ஆவிக்குமிழ் உண்டாகும், குமிழ் அமுங்கும் என்பதால் பெடல் பஞ்சு மாதிரி போய்விடும். முன்சக்கர வண்டி என்பதால் இழுப்பது, திருப்புவது, பெரும்பங்கு நிறுத்துவது மூன்றும் முன் டயர் இரண்டின் தலையில்தான், அவற்றின் தோள்பட்டை உருண்டு தேய்ந்துவிடும்.

அன்று ஃபாஞ்சியோ மூன்றரை மணி நேரத்தில் 500 கிலோமீட்டர் ஓட்டினார், நிறுத்தம் உட்பட சராசரி 140-க்கு மேல். வேனும் 500 கிலோமீட்டர் ஓடும், எட்டுப் பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஓடும், மறுநாள் காலையில் சாவி போட்டதும் மறுபடி ஓடும். மசெராட்டியின் எஞ்சினைச் சில பந்தயங்களுக்கு ஒரு முறை பிரித்துப் பார்த்துக் கட்ட வேண்டும்.

பின்_இருக்கை:

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எண்களைப் பேசும்போது ஒன்றை விட்டுவிடக் கூடாது. 250எஃப்-இல் சீட் பெல்ட் கிடையாது. எரிபொருள் டாங்க் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், காரின் வால் பகுதி முழுக்க. 1957-இல் ஃபாஞ்சியோவுக்குப் பின்னால் வரிசையாக வந்தவர்கள் ஹாதார்ன், காலின்ஸ், மூஸோ, மூவரும் ஃபெராரி. 1958 ஜூலையில் மூஸோ பிரான்ஸின் ரேம்ஸ் பாதையில் இறந்தார். நாலு வாரம் கழித்து காலின்ஸ் அதே நூர்பர்க்ரிங்கில் காரிலிருந்து தூக்கி எறியப்பட்டு மரத்தில் மோதி இறந்தார். ஹாதார்ன் அந்த ஆண்டு உலகப் பட்டம் வென்று, ஓய்வு அறிவித்து, 1959 ஜனவரியில் பொதுச்சாலை விபத்தில் போனார். அந்த ஒரு பந்தயத்தின் இரண்டாம், மூன்றாம், நான்காம் இடக்காரர்கள் ஒன்றரை ஆண்டுக்குள் இல்லை.

வேன் 2,000 கிலோ எடை என்று குறை சொல்கிறீர்கள். அந்த எடையில் ஒரு பெரிய பங்கு, மோதினால் மடங்கும் முன்பகுதி, கதவுக்குள் எஃகுக் கம்பி, கூரை ஓரம் முழுக்க மறைந்திருக்கும் ஏர்பேக். மூன்றாவது வரிசையில் தூங்கும் குழந்தைக்காக அந்த எடை இருக்கிறது. அதைக் குறையாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

வளைவு_விரும்பி:

பின்_இருக்கை, நீங்கள் எழுதியதில் ஒரு எழுத்தையும் மறுக்க மாட்டேன். அந்த மூன்று பெயரும் தெரியாமல் 1957-ஐக் கொண்டாடுவது சரியில்லை.

நாலு_வால்வு சொன்ன உறவுக்கு நான் ஒரு கிளை சேர்க்கிறேன், எனக்கு மிகப் பிடித்த கிளை. மாத்ரா. 1969-இல் ஜாக்கி ஸ்டூவர்ட் மாத்ரா காரில்தான் உலகப் பட்டம் வென்றார். 1972, 1973, 1974, மூன்று ஆண்டும் தொடர்ந்து லெ மான்ஸை மாத்ரா வென்றது, முதல் ஆண்டு பெஸ்கரோலோவும் கிரஹாம் ஹில்லும், அடுத்த இரண்டு ஆண்டு பெஸ்கரோலோவும் லருஸும், 3 லிட்டர் வி12 எஞ்சின். 1974 முடிந்ததும் பந்தயத்தை விட்டார்கள். பத்து ஆண்டு கழித்து, 1984-இல், அதே மாத்ரா ரெனோவுக்காகக் கட்டிக்கொடுத்த வண்டி எஸ்பாஸ், ஐரோப்பாவின் முதல் மினிவேன்களில் ஒன்று. துத்தநாகம் பூசிய எஃகுச் சட்டம், அதன் மேல் கண்ணாடியிழைப் பலகைகள். முதல் மாதத்தில் 9 வண்டிதான் விற்றது. பிறகு மூன்று தலைமுறை, 2002 வரை மாத்ராதான் அதைச் செய்தது.

1990-களின் நடுவில் அவர்கள் எஸ்பாஸின் வடிவத்துக்குள் ஃபார்முலா 1-இன் 3.5 லிட்டர் ரெனோ வி10 எஞ்சினை நடுவில் வைத்து, கார்பன் ஃபைபர் அடித்தளத்தில், சுமார் 800 குதிரைத்திறனோடு எஸ்பாஸ் எஃப்1 என்ற வண்டியைக் கட்டிக் காட்டினார்கள். நாலு இருக்கை. அதற்கு முன்னால் 250எஃப் நிற்க முடியாது. மினிவேன் என்ற உருவத்தில் மெதுவாகப் போக வேண்டும் என்று எதுவும் எழுதி வைக்கவில்லை, எடையும் எஞ்சினும் பிரேக்கும் எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பதுதான் வித்தியாசம்.

இரும்பு_நாக்கு:

எஸ்பாஸ் எஃப்1-ஐ வேன் என்று கணக்கில் எடுக்க மாட்டேன், அது வேன் சட்டை போட்ட பந்தயக் கார். ஆனால் மாத்ரா விஷயம் அருமை. லெ மான்ஸை வென்றவர்கள் குடும்ப வண்டி கட்டும்போது அதே கவனத்தைக் காட்டினார்கள், அந்த முதல் எஸ்பாஸில் தரை தட்டையாக, முன் இருக்கை பின்னால் திரும்பி உட்காரும்படி, ஒவ்வொரு இருக்கையும் தனித்தனியாகக் கழற்றும்படி இருந்தது. இடத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்று பந்தயக் கார் செய்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

புதிய_உறுப்பினர்:

எல்லாப் பதிவையும் படித்தேன். எனக்கு ஒரு நடைமுறைக் கேள்வி. என்னிடம் இருப்பது ஏழு வருட மினிவேன். பந்தயப் பாதையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாளில் அதில் ஒன்றிரண்டு சுற்று போகலாமா, அல்லது வண்டியைக் கெடுத்துக்கொள்வேனா?

பட்டறை_வாசம்:

போகலாம், ஒன்றிரண்டு சுற்றுக்குத் தாங்கும். போவதற்கு முன் இதையெல்லாம் செய்யுங்கள். பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றுங்கள், பழைய ஆயில் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அதனால் சீக்கிரம் கொதிக்கும். பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் புதுசு போடுங்கள், மெல்லிய பேட் சூட்டை நேராக ஆயிலுக்கு அனுப்பிவிடும். டயர் காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது பாருங்கள், ஏழு வருடம் என்றால் பக்கச்சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் போகவே வேண்டாம். பின் இருக்கைகளைக் கழற்ற முடிந்தால் கழற்றி வீட்டில் வையுங்கள், உள்ளே உருளக்கூடிய எதையும் விட்டுவைக்காதீர்கள். இன்சூரன்ஸ் பந்தயப் பாதைக்குச் செல்லுமா என்று முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் செல்லாது. இஎஸ்சியை அணைக்க வேண்டாம்.

முதல் சுற்று பாதையைப் பழக, இரண்டாவது உங்கள் ஆசைக்கு, மூன்றாவது மெதுவாக, பிரேக்கைத் தொடாமல், குளிர வைக்க. நிறுத்தியதும் பார்க்கிங் பிரேக்கைப் போடாதீர்கள், சூடான டிஸ்க்கில் பேட் ஒட்டிக்கொள்ளும். கியரை பி-யில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு இறங்குங்கள்.